சிறுநீர்ப் படிவின் நுண்ணோக்கிச் சோதனை

சிறுநீர்ப் படிவின் நுண்ணோக்கிச் சோதனை என்பது, சிறுநீரில் மிதக்கும் உயிரணுக்கள், வார்ப்புகள், படிகங்கள், நுண்ணுயிர்கள் முதலிய திண்மக் கூறுகளை நுண்ணோக்கியின் துணையுடன் இனங்கண்டு எண்ணும் மருத்துவ ஆய்வுக்கூடச் சோதனை ஆகும். சிறுநீர்ப் பகுப்பாய்வின் மூன்று பகுதிகளுள் இது ஒன்று. நிறம், கலங்கல் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தறிவதும், வேதிச் சோதனைப் பட்டையால் புரதம், சர்க்கரை, குருதி முதலியவற்றை அறிவதும் மற்ற இரண்டு பகுதிகளாகும்.

இச்சோதனை எளியது, செலவு குறைந்தது. ஆயினும் இதன் முடிவுகள் செய்முறையைப் பெரிதும் சார்ந்தவை. எவ்வளவு சிறுநீர் எடுக்கப்பட்டது, எவ்வளவு விசையுடன் சுழற்றப்பட்டது, எவ்வளவு படிவு மிஞ்சியது, எத்தகைய நுண்ணோக்கியில் பார்க்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்து, ஒரே சிறுநீருக்கு இரண்டு ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு எண்களைத் தரக்கூடும். இதனால் துல்லியமும் தரப்படுத்தலும் இச்சோதனையின் முதன்மையான சிக்கல்களாகக் கருதப்படுகின்றன.

படிவில் காணப்படும் கூறுகள்

• செங்குருதியணுக்கள்: சிறுநீர்ப் பாதையில் எவ்விடத்தில் குருதி கசிந்தாலும் இவை தோன்றும். கல், தொற்று, புற்றுநோய், சிறுநீரக அழற்சி எனக் காரணங்கள் பல. குளோமெருலசு எனப்படும் குருதி வடிகட்டும் முடிச்சின் வழியாகக் கசிந்த அணுக்கள் பெரும்பாலும் உருத்திரிந்து காணப்படும்.

• வெண்குருதியணுக்கள்: தொற்று அல்லது அழற்சியின் அறிகுறி. தமிழ்நாட்டு ஆய்வுக்கூட அறிக்கைகளில் இவை "பஸ் செல்கள்" என்றே குறிக்கப்படுவது வழக்கம்.

• மேலணி உயிரணுக்கள்: செதிள் வகை அணுக்கள் மிகுந்திருப்பது பெரும்பாலும் மாதிரி தூய்மையாகச் சேகரிக்கப்படவில்லை என்பதைக் காட்டும். சிறுநீரக நுண்குழல்களிலிருந்து உதிர்ந்த அணுக்களோ சிறுநீரகப் பாதிப்பைக் காட்டுபவை.

• வார்ப்புகள்: ஆய்வுக்கூட வழக்கில் "காஸ்ட்" எனப்படுபவை. சிறுநீரக நுண்குழலின் உள்ளே யூரோமோடுலின் என்னும் புரதம் உறைந்து, குழலின் உருளை வடிவத்தைப் பெறுவதால் இவை உருவாகின்றன. உருவாகும்போது அங்குள்ள உயிரணுக்களையும் துகள்களையும் உள்ளடக்கிக் கொள்கின்றன. எனவே வார்ப்பினுள் காணப்படும் அணுக்கள் சிறுநீரகத்திலிருந்தே வந்தவை என்று கொள்ள முடிகிறது.

• படிகங்கள்: கால்சியம் ஆக்சலேட்டு, யூரிக் அமிலம், பாசுபேட்டு போன்றவை நலமுள்ளவரிடமும் காணப்படலாம். அறுகோண வடிவச் சிஸ்டீன் படிகங்கள் எப்போதும் நோயைக் குறிப்பவை. சில மருந்துகளும் சிறுநீரில் படிகமாகப் படியும்.

• நுண்ணுயிர்கள்: பாக்டீரியா, ஈஸ்ட் பூஞ்சை, ஒட்டுண்ணிகள், அவற்றின் முட்டைகள்.

வரலாறு

சிறுநீரைக் கண்ணால் பார்த்து நோயறியும் வழக்கம் மிகப் பழமையானது. நுண்ணோக்கியால் பார்த்தது 17ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1630இல் பிரான்சு நாட்டு அறிஞர் பெயரெசுக்கு சிறுநீரில் இருந்த படிகங்களை நுண்ணோக்கியில் கண்டார். 1665இல் வெளியான "மைக்ரோகிராஃபியா" என்னும் நூலில் இராபர்ட் ஹூக், சிறுநீரில் படியும் மணல் போன்ற துகள்களை விவரித்தார். எனினும் இவை ஆர்வத்தால் செய்யப்பட்ட தனித்த நோக்கல்களாகவே இருந்தன.

1830களில் பாரிசின் சாரிட்டே மருத்துவமனையில் பியேர் இரேயே என்பவரும் அவருடைய மாணவர் விக்லாவும் நோயாளிகளின் சிறுநீரை முறையாக நுண்ணோக்கியில் பார்த்து, கண்டவற்றை நோயுடன் தொடர்புபடுத்தினர். மருத்துவப் பயன்பாட்டில் இச்சோதனையின் தொடக்கம் இதுவே எனக் கொள்ளப்படுகிறது. 1840களில் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹென்லே உள்ளிட்டோர் வார்ப்புகளை விவரித்தனர். இலண்டன் மருத்துவர் கோல்டிங் பேர்டு சிறுநீர்ப் படிவுகள் குறித்து எழுதிய நூல் 1844இல் வெளியானது. அக்காலத்தில் சிறுநீரைக் கூம்பு வடிவக் கண்ணாடிக் குவளையில் பல மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் தங்கியதை எடுத்துப் பார்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மையவிலக்குச் சுழற்றி பயன்பாட்டுக்கு வந்தபின் இக்காத்திருப்பு சில நிமிடங்களாகக் குறைந்தது.

கண்டதை விவரிப்பதிலிருந்து எண்ணுவதற்கு மாறியதில், அமெரிக்காவின் சுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாமசு ஆடிசின் (1881–1949) பங்கு பெரியது. 1926இல் வெளியிட்ட ஆய்வில் அவர், நலமுள்ளவர்களின் 12 மணி நேரச் சிறுநீரில் உள்ள அணுக்களையும் வார்ப்புகளையும் குருதியணு எண்ணும் அறையில் எண்ணிக் காட்டினார். "ஆடிசு எண்ணிக்கை" எனப் பெயர்பெற்ற இம்முறையில், 12 மணி நேரத்தில் செங்குருதியணுக்கள் 5 இலட்சம் வரையும், வெண்குருதியணுக்களும் மேலணி உயிரணுக்களும் சேர்ந்து 10 இலட்சம் வரையும், வார்ப்புகள் 5,000 வரையும் இயல்பு எனக் கொள்ளப்பட்டன. நேரம், கன அளவு இரண்டையும் நிலையாக வைத்ததே இதன் சிறப்பு. ஆனால் 12 மணி நேரச் சேகரிப்பு நோயாளிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் கடினமானதாக இருந்ததால் இம்முறை நாளடைவில் வழக்கொழிந்தது. அதன் இடத்தைப் பிடித்த "ஒரு பார்வைப்புலத்துக்கு இத்தனை அணுக்கள்" என்னும் எளிய முறையில் நேரமும் கன அளவும் மறைந்துபோயின.

1950இல் டாம், ஹார்சுஃபால் ஆகியோர் சிறுநீரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். பின்னர் யூரோமோடுலின் எனவும் பெயர்பெற்ற இப்புரதமே வார்ப்புகளின் அடிப்படைப் பொருள் என அறியப்பட்டது. 1951இல் இசுடெர்ன்ஹைமரும் மால்பினும் படிவுக்கான சாயமுறை ஒன்றை வெளியிட்டனர். 1964இல் காடெஹோல்ட் என்பவர் வழக்கமான படிவுச் சோதனையின் பிழை மூலங்களை அளந்து ஆராய்ந்தார். 1979இல் ஆத்திரேலியாவைச் சேர்ந்த பேர்ச்சு, ஃபேர்லி ஆகியோர், உருத்திரிந்த செங்குருதியணுக்கள் குளோமெருலசிலிருந்து வரும் குருதிக்கசிவைச் சுட்டுகின்றன எனக் காட்டினர்.

வழக்கமான செய்முறை

1. நடுப்பகுதிச் சிறுநீர் தூய கலனில் சேகரிக்கப்படுகிறது.
2. நன்கு கலக்கப்பட்ட சிறுநீரில் 10 அல்லது 12 மி.லி. கூம்படிக் குழாயில் எடுக்கப்படுகிறது.
3. மையவிலக்குச் சுழற்றியில் 5 நிமிடம் சுழற்றப்படுகிறது.
4. மேலே நிற்கும் தெளிநீர் நீக்கப்பட்டு, குறித்த அளவு மட்டும் அடியில் விடப்படுகிறது.
5. படிவு மெல்லக் கலக்கப்பட்டு, அதில் ஒரு துளி கண்ணாடித் தகட்டில் வைக்கப்பட்டு, கவர் சிலிப் எனப்படும் மெல்லிய மூடுகண்ணாடியால் மூடப்படுகிறது.
6. முதலில் 10 மடங்குப் பொருளருகு வில்லையால் முழுப் பரப்பும் நோக்கப்பட்டு வார்ப்புகள் தேடப்படுகின்றன. பின்னர் 40 மடங்கு வில்லையால் குறைந்தது 10 பார்வைப்புலங்களில் அணுக்கள் எண்ணப்பட்டு, சராசரி அல்லது வீச்சு அறிக்கையிடப்படுகிறது.

"எச்.பி.எஃப்." என அறிக்கையில் காணப்படுவது, 40 மடங்கு வில்லையில் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டப் பரப்பாகிய உயர் உருப்பெருக்கப் பார்வைப்புலத்தைக் குறிக்கும்.

பிழைகள் எழும் இடங்கள்

மாதிரி சேகரிப்பு

முதலில் வெளிவரும் சிறுநீர், வழியில் உள்ள அணுக்களையும் பாக்டீரியாக்களையும் அடித்துக்கொண்டு வரும். அதனாலேயே நடுப்பகுதி கேட்கப்படுகிறது. மாதவிலக்கின்போது எடுத்த மாதிரியில் செங்குருதியணுக்கள் கலக்கும். கடும் உடற்பயிற்சிக்குப் பின் நலமுள்ளவரிடமும் செங்குருதியணுக்களும் வார்ப்புகளும் தற்காலிகமாகத் தோன்றலாம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் செறிவும் அமிலத்தன்மையும் மிக்கது என்பதால் வார்ப்புகள் நன்கு காக்கப்படுகின்றன. ஆனால் அது இரவு முழுதும் சிறுநீர்ப்பையில் தங்கியிருந்ததால் சில அணுக்கள் சிதைந்திருக்கும். இதன் காரணமாகச் சில ஆய்வாளர்கள் காலையின் இரண்டாம் சிறுநீரை விரும்புகின்றனர்.

காலத்தாழ்வு

சிறுநீர் அணுக்களுக்கு ஏற்ற ஊடகம் அன்று. ஒப்படர்த்தி 1.010க்குக் கீழ் உள்ள நீர்த்த சிறுநீரில் செங்குருதியணுக்கள் நீரை உறிஞ்சி வெடிக்கின்றன. காரத்தன்மை கொண்ட சிறுநீரில் அணுக்கள் விரைவில் சிதைகின்றன, வார்ப்புகள் கரைகின்றன. பாக்டீரியாக்களோ இதற்கு மாறாகப் பெருகுகின்றன. யூரியாவைச் சிதைக்கும் வகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை உண்டாக்கிக் காரத்தன்மையை மேலும் கூட்டுகின்றன. ஆக, நண்பகல் வரை மேசைமேல் கிடந்த காலைச் சிறுநீரில் நோய்க்கான அறிகுறிகள் மறைந்தும், இல்லாத தொற்று இருப்பதுபோலவும் தோன்றலாம்.

அறை வெப்பநிலையில் வைத்த மாதிரியை 2 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பாக்டீரியாப் பெருக்கம் குறையும். ஆனால் யூரேட்டுகளும் பாசுபேட்டுகளும் படிந்து பார்வையை மறைக்கும். சில ஆய்வுக்கூடங்கள் போரிக் அமிலம் போன்ற காப்புப்பொருள்களைப் பயன்படுத்துகின்றன.

சோதனைப் பட்டையில் குருதி உண்டு எனக் காட்டி, நுண்ணோக்கியில் செங்குருதியணுக்கள் இல்லாமற்போவதற்கு இச்சிதைவு ஒரு முக்கியக் காரணம். வெடித்த அணுவின் ஈமோகுளோபின் பட்டையில் வினைபுரியும். அணு மட்டும் இராது. தசைச் சிதைவால் வரும் மயோகுளோபினும் இதே தோற்றத்தைத் தரும். மாறாக, சிறுநீரில் உயிர்ச்சத்து சி மிகுந்திருந்தால், அணுக்கள் இருந்தும் பட்டை வினைபுரியாமல் போகலாம்.

மையவிலக்கம்

பல ஆய்வுக்கூடக் குறிப்புகளில் "நிமிடத்துக்கு 1500 சுற்று" என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். இது போதாது. அணுக்களைக் கீழே தள்ளுவது சுற்றுகளின் எண்ணிக்கை அன்று, மையவிலக்கு விசையே. அவ்விசை சுழற்றியின் ஆரத்தையும் சார்ந்தது. புவியீர்ப்பின் மடங்காக அதைக் கணக்கிடும் வாய்பாடு:

ஒப்பு மையவிலக்கு விசை = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × (நிமிடச் சுற்றுகள்)²

இதன்படி, 1500 சுற்றுகளில் 16 செ.மீ. ஆரமுள்ள சுழற்றி புவியீர்ப்பின் சுமார் 400 மடங்கு விசையைத் தரும். 10 செ.மீ. ஆரமுள்ள சிறிய மேசைச் சுழற்றியோ சுமார் 250 மடங்கையே தரும். விசை குறைந்தால் அணுக்கள் முழுமையாகப் படியமாட்டா. மிகக் கூடினால் வார்ப்புகள் உடையும். சுழற்சி முடியும்போது தடையை அழுத்தித் திடீரென நிறுத்தினால் படிந்தவை மீண்டும் கலங்கும்.

சரியான விசையில் சுழற்றினாலும் எல்லா அணுக்களும் படிவுக்கு வருவதில்லை. சில தெளிநீரோடு வெளியேறுகின்றன, சில குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, சில சிதைகின்றன. இவ்விழப்பு மாதிரிக்கு மாதிரி மாறுபடுவதால், ஒரு நிலையான எண்ணால் பெருக்கிச் சரிசெய்துவிடவும் இயலாது.

மிஞ்சும் படிவும் துளியின் அளவும்

10 மி.லி. சிறுநீரைச் சுழற்றி 0.2 மி.லி. மட்டும் விட்டால் அணுக்கள் 50 மடங்கு செறிவாகும். 12 மி.லி.யைச் சுழற்றி 1 மி.லி. விட்டால் 12 மடங்கே செறிவாகும். குழாயைக் கவிழ்த்துத் தெளிநீரைக் கொட்டும் வழக்கத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது செய்பவரின் கையைப் பொறுத்தது. ஒரே நாளில் ஒரே கையில்கூட அது மாறும்.

துளியும் அவ்வாறே. 18 மி.மீ. பக்கமுள்ள சதுர மூடுகண்ணாடியின் பரப்பு 324 சதுர மி.மீ. ஆகும். அதன் கீழ் 15 மைக்ரோலிட்டர் வைத்தால் நீர்ப்படலத்தின் தடிமன் சுமார் 0.046 மி.மீ. இருக்கும். அளவில்லாமல் பெரிய துளி வைத்தால் மூடுகண்ணாடி மிதக்கும். படலம் தடித்து, அணுக்கள் வெவ்வேறு ஆழங்களில் நின்று, குவியத்துக்குள் வாராமல் போகும்.

பார்வைப்புலத்தின் பரப்பு

"ஒரு பார்வைப்புலம்" என்பதும் நிலையான அளவு அன்று. கண்ணருகு வில்லையில் பொறிக்கப்பட்டுள்ள புல எண்ணைப் பொருளருகு வில்லையின் உருப்பெருக்கத்தால் வகுத்தால் புலத்தின் விட்டம் கிடைக்கும். புல எண் 18 உள்ள பழைய நுண்ணோக்கியில் 40 மடங்கு வில்லையுடன் விட்டம் 0.45 மி.மீ., பரப்பு சுமார் 0.16 சதுர மி.மீ. ஆகும். புல எண் 22 உள்ள கருவியில் விட்டம் 0.55 மி.மீ., பரப்பு சுமார் 0.24 சதுர மி.மீ. ஆகும். ஆய்வுக்கூடம் புதிய நுண்ணோக்கி வாங்கினாலே எல்லா நோயாளிகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும் என்பது இதன் பொருள்.

எண்ணிக்கையின் புள்ளியியல்

அணுக்கள் பரப்பில் சீராக அன்றித் தற்செயலாகப் பரவியிருக்கும். இத்தகைய எண்ணிக்கையின் திட்ட விலக்கம், எண்ணப்பட்ட மொத்த அணுக்களின் வர்க்கமூலத்துக்குச் சமம். 9 அணுக்களை எண்ணினால் பிழை சுமார் 33 விழுக்காடு. 100 எண்ணினால் 10 விழுக்காடு. 400 எண்ணினால் 5 விழுக்காடு. புலத்துக்கு 3 அணுக்கள் வீதம் 10 புலங்களில் 30 அணுக்களை எண்ணிய ஒருவர், அதே படிவை மீண்டும் பார்க்கையில் 2 என்றோ 4 என்றோ பெறுவது திறமைக் குறைவால் அன்று. அது தற்செயலின் இயல்பான வீச்சு. அதிகப் புலங்களை எண்ணுவதே இதற்கு மாற்று.

இனங்காணல்

எண்ணுவதற்கு முன் இன்னது எனத் தெரிய வேண்டும். செங்குருதியணுக்களுடன் ஈஸ்ட் பூஞ்சை, எண்ணெய்த் துளி, காற்றுக் குமிழி, முட்டை வடிவக் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகம் ஆகியவை குழப்பப்படுகின்றன. நீர்த்த அசிட்டிக் அமிலம் ஒரு துளி சேர்த்தால் செங்குருதியணுக்கள் சிதையும், ஈஸ்ட் நிற்கும். முனைவாக்கிய ஒளியில் அப்படிகம் ஒளிரும், செங்குருதியணு ஒளிராது.

வார்ப்புகளுடன் சளியிழை, துணி நார், சுருண்ட செதிள் அணு ஆகியவை குழம்பும். ஒளிபுகு வார்ப்பின் ஒளிவிலகல் எண் சிறுநீரின் ஒளிவிலகல் எண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், பிரகாசமான ஒளியில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒளிச் செறிப்பியைத் தாழ்த்தி ஒளியைக் குறைப்பது சாதாரண நுண்ணோக்கிக்கான தீர்வு. கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி இதனினும் சிறந்தது. நுண்குழல் அணுக்களை வெண்குருதியணுக்களிலிருந்து வேறுபடுத்துவதற்குச் சாயமும் பயிற்சியும் தேவை.

ஒரு கணக்கீடு

மேற்கண்டவை ஒன்றுசேரும்போது நிகழ்வதைப் பின்வரும் எடுத்துக்காட்டு காட்டுகிறது. ஒருவரின் சிறுநீரில் மைக்ரோலிட்டருக்கு 10 செங்குருதியணுக்கள் உள்ளன எனவும், சுழற்சியில் இழப்பு ஏதும் இல்லை எனவும் கொள்வோம். இரு ஆய்வுக்கூடங்களும் 18 மி.மீ. மூடுகண்ணாடியின் கீழ் 15 மைக்ரோலிட்டர் வைக்கின்றன.

• முதல் ஆய்வுக்கூடம்: 10 மி.லி. சிறுநீர், மிஞ்சும் படிவு 0.2 மி.லி., புல எண் 22. செறிவு 50 மடங்கு; ஒரு புலத்தின் கன அளவு சுமார் 0.011 மைக்ரோலிட்டர். முடிவு: புலத்துக்கு 5 முதல் 6 அணுக்கள்.

• இரண்டாம் ஆய்வுக்கூடம்: 12 மி.லி. சிறுநீர், மிஞ்சும் படிவு 1 மி.லி., புல எண் 18. செறிவு 12 மடங்கு. ஒரு புலத்தின் கன அளவு சுமார் 0.0074 மைக்ரோலிட்டர். முடிவு: புலத்துக்கு ஒன்றுக்கும் குறைவு.

இரண்டிலும் தவறு ஏதும் நிகழவில்லை. ஆயினும் விடைகளுக்கிடையே ஆறு மடங்கு வேறுபாடு உள்ளது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி, ஒரு பார்வைப்புலத்துக்கு 3 அல்லது அதற்கு மேற்பட்ட செங்குருதியணுக்கள் இருப்பதை நுண்குருதிச் சிறுநீர் என வரையறுக்கிறது. அந்நிலையில் உள்ளவருக்கு, இடர் அளவைப் பொறுத்துச் சிறுநீர்ப்பை உள்நோக்கியும் சிறுநீரகப் படமெடுப்பும் பரிந்துரைக்கப்படலாம். புற்றுநோய் உள்ளதா என அறிவதே நோக்கம். மேற்கண்ட நோயாளி முதல் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றால் அச்சோதனைகளுக்கு அனுப்பப்படுவார். இரண்டாவதற்குச் சென்றால் வீட்டுக்கு அனுப்பப்படுவார். முதல் ஆய்வுக்கூடத்திலும் சுழற்சியில் பாதி அணுக்கள் இழக்கப்பட்டால், எண்ணிக்கை 3க்குக் கீழே இறங்கிவிடும்.

தரப்படுத்தும் முயற்சிகள்

இக்குறைகளைக் களைய மூன்று வழிகள் பின்பற்றப்படுகின்றன.

முதலாவது, செய்முறையின் ஒவ்வோர் அளவையும் நிலைநிறுத்துவது. அமெரிக்காவின் மருத்துவ ஆய்வுக்கூடச் செந்தர நிறுவனம் சிறுநீர்ப் பகுப்பாய்வுக்கான வழிகாட்டியை 1995, 2001, 2009 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டது. அதன்படி 12 மி.லி. சிறுநீரைப் புவியீர்ப்பின் 400 மடங்கு விசையில் 5 நிமிடம் சுழற்றுவது வழக்கமாயிற்று. ஜப்பானியச் செந்தரம் 10 மி.லி., 500 மடங்கு விசை, 5 நிமிடம், 0.2 மி.லி. படிவு, 18 மி.மீ. மூடுகண்ணாடியின் கீழ் 15 மைக்ரோலிட்டர் என அனைத்தையும் வரையறுத்தது. படிவின் அளவை நிலைப்படுத்தும் குழாய்களும், ஆழம் மாறாத நெகிழி அறைத் தகடுகளும் விற்பனைக்கு வந்தன. ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் முடிவுகள் ஒத்திருக்க இவை பெரிதும் உதவின. எனினும் ஒரு நாட்டுச் செந்தரமும் மற்றொன்றும் ஒன்றல்ல என்பதால், நாடுகளுக்கிடையே எண்களை அப்படியே ஒப்பிட முடியாது.

இரண்டாவது, பார்வைப்புலத்தைக் கைவிட்டுக் கன அளவுக்கு எண்ணுவது. சுழற்றாத சிறுநீரை ஃபுக்சு–ரோசெந்தால் அறையில் வைத்தால், 16 சதுர மி.மீ. பரப்பும் 0.2 மி.மீ. ஆழமும் சேர்ந்து 3.2 மைக்ரோலிட்டர் எண்ணப்படுகிறது. இங்குச் சுழற்சி இழப்பும் இல்லை. செறிவுக் கணக்கும் இல்லை. 2000இல் வெளியான ஐரோப்பியச் சிறுநீர்ப் பகுப்பாய்வு வழிகாட்டிகள், முடிவை லிட்டருக்கு இத்தனை அணுக்கள் எனத் தருவதை ஆதரித்தன. 2003இல் பன்னாட்டு ஆய்வகக் குருதியியல் சங்கம், சுழற்றாத சிறுநீரை அறையில் எண்ணுவதை ஒப்பீட்டு முறையாகப் பரிந்துரைத்தது. ஐரோப்பிய வழிகாட்டியின் புதிய பதிப்பு 2023ஆம் ஆண்டுக்குரியது. இம்முறையின் குறை, அரிதாக உள்ள வார்ப்புகள் சிறிய கன அளவில் அகப்படாமல் போவதாகும். எனவே வார்ப்புகளுக்குச் சுழற்றிய படிவு இன்றும் தேவைப்படுகிறது.

மூன்றாவது, எண்ணும் பணியைக் கருவியிடம் ஒப்படைப்பது. இது கீழே விவரிக்கப்படுகிறது.

கன அளவை நிலைப்படுத்துவதன் பயனுக்குச் சிறுநீர் சிசுட்டோசோமியாசிசு நோய் நல்ல எடுத்துக்காட்டாகும். ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவின் சில பகுதிகளிலும் காணப்படும் இவ்வொட்டுண்ணி நோயில், 10 மி.லி. சிறுநீர் வடிதாளின் வழியே செலுத்தப்பட்டு, அதில் தங்கும் முட்டைகள் எண்ணப்படுகின்றன. முட்டைகள் வெளியேறுவது நண்பகலை ஒட்டி மிகுவதால், காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே மாதிரி எடுக்கப்படுகிறது. 10 மி.லி.க்கு 50 முட்டைகளுக்குக் குறைவு எனில் இலேசான தொற்று. 50 அல்லது அதற்கு மேல் எனில் கடுமையான தொற்று. நேரமும் கன அளவும் எங்கும் ஒன்றே என்பதால் ஓர் ஊரின் முடிவை மற்றோர் ஊருடன் ஒப்பிட முடிகிறது.

தானியங்கிக் கருவிகள்

1990களின் நடுப்பகுதியிலிருந்து பாய்வு உயிரணு அளவியல் முறையில் இயங்கும் சிறுநீர்க் கருவிகள் புழக்கத்துக்கு வந்தன. சாயமேற்றப்பட்ட துகள்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கும்போது சிதறும் ஒளியையும் ஒளிர்வையும் கொண்டு இவை வகைப்படுத்துகின்றன. வேறு சில கருவிகள் துகள்களைப் படம்பிடித்து உருவ அறிதலால் பிரிக்கின்றன. சுழற்றாத சிறுநீரில் ஆயிரக்கணக்கான துகள்களை எண்ண முடிவதால், புள்ளியியல் பிழை மனிதர் எண்ணுவதைக் காட்டிலும் மிகவும் குறைவு.

ஆனால் துல்லியமாக எண்ணுவதும் சரியாக இனங்காண்பதும் வேறு வேறு. ஈஸ்ட்டையும் படிகத்தையும் செங்குருதியணுவாகக் கொள்வது, சளியிழையை வார்ப்பாகக் கொள்வது, அரிய வார்ப்புகளைத் தவறவிடுவது ஆகியவை கருவிகளிலும் நிகழ்கின்றன. எனவே இயல்பான மாதிரிகளைக் கருவி கழித்துவிட, ஐயத்துக்குரியவற்றை மனிதர் நுண்ணோக்கியில் பார்ப்பது என்னும் ஏற்பாடு பல இடங்களில் பின்பற்றப்படுகிறது.

தரக் கட்டுப்பாடு

குருதிச் சர்க்கரை போன்ற சோதனைகளில், அளவு அறியப்பட்ட நீர்மத்தைக் கொண்டு கருவியை நாள்தோறும் சரிபார்க்கலாம். சிறுநீர்ப் படிவுக்கு இது எளிதன்று. நிலைப்படுத்தப்பட்ட செங்குருதியணுக்களும் வெண்குருதியணுக்களும் கொண்ட நீர்மங்கள் கிடைக்கின்றன. ஆனால் நீண்ட நாள் கெடாத உண்மையான வார்ப்புகளை ஆக்குவது கடினம். ஆகையால் புறத் தர மதிப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் ஆய்வுக்கூடங்களுக்குப் படங்கள் அனுப்பப்பட்டு, அதில் உள்ளது யாது எனக் கேட்கப்படுகிறது. இது இனங்காணலைச் சோதிக்கும். சேகரிப்பு, சுழற்சி, துளி ஆகியவற்றைச் சோதிக்காது.

ஒரே மாதிரியைப் பார்வையிடுவோர் இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவது, சோதனைப் பட்டையின் முடிவுடன் நுண்ணோக்கி முடிவு முரண்படுகிறதா எனப் பார்ப்பது, சுழற்றியின் வேகத்தை ஆண்டுதோறும் அளப்பது ஆகியவை சிறிய ஆய்வுக்கூடங்களும் மேற்கொள்ளக்கூடிய வழிகள். மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்கான பன்னாட்டுச் செந்தரமான ஐ.எசு.ஓ. 15189, செய்முறை எழுத்தில் இருத்தல், பணியாளர் திறனைக் காலமுறையில் மதிப்பிடுதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. இச்செந்தரம் 2003இல் முதலில் வெளியானது; இதன் நான்காம் பதிப்பு 2022இல் வெளிவந்தது.

மருத்துவ முக்கியத்துவம்

திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பில் படிவின் தோற்றம் சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடியது. உடலில் நீர் குறைந்ததால் மட்டும் சிறுநீரகம் சோர்ந்திருந்தால் படிவு பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். நீர்மம் ஏற்றினால் தேறும். பழுப்பு நிறக் குறுணை வார்ப்புகளும் நுண்குழல் அணுக்களும் மிகுந்திருந்தால் நுண்குழல்களே சிதைந்துள்ளன எனப் பொருள். அந்நிலையில் அளவுமீறி நீர்மம் ஏற்றுவது நுரையீரலில் நீர் கோக்கச் செய்யலாம். செங்குருதியணு வார்ப்புகள் காணப்பட்டால் குளோமெருலசு அழற்சியை ஐயுற வேண்டும். அதில் சில வகைகள் நாள்களிலோ கிழமைகளிலோ சிறுநீரகத்தை அழித்துவிடக்கூடியவை என்பதால் விரைந்து திசுச்சோதனை செய்து நோயெதிர்ப்புத் தடுப்பு மருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புற்ற நோயாளிகளின் சிறுநீரைச் சிறுநீரகவியல் மருத்துவர் தாமே நுண்ணோக்கியில் பார்த்து அறிந்ததையும், மருத்துவமனை ஆய்வுக்கூட அறிக்கையை மட்டும் கொண்டு அறிந்ததையும் ஒப்பிட்டது. தாமே பார்த்தபோது சரியான நோயறிதல் மிகவும் கூடுதலாக இருந்தது. நுண்குழல் அணுக்கள், குறுணை வார்ப்புகள், உருத்திரிந்த செங்குருதியணுக்கள் ஆகியவை ஆய்வுக்கூட அறிக்கைகளில் குறைவாகவே பதிவாகியிருந்தன. நோயாளியின் நிலையை அறிந்து தேடுபவரும், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மாதிரிகளை நோய் விவரம் இன்றிப் பார்ப்பவரும் ஒரே சூழலில் இல்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. சோதனைக்கு அனுப்பும் படிவத்தில் மருத்துவர் நோய் ஐயத்தை ஒரு வரியில் குறிப்பிடுவது, எந்தக் கருவியும் தரமுடியாத உதவியை ஆய்வுக்கூடத்துக்குத் தருகிறது.

அறிக்கையைப் படிக்கும் முறை

• இயல்பு வீச்சு ஒவ்வோர் ஆய்வுக்கூடத்தின் செய்முறைக்கும் உரியது. ஓர் இடத்து எண்ணை மற்றோர் இடத்து இயல்பு வீச்சுடன் ஒப்பிடக்கூடாது.
• தொடர் கண்காணிப்பில் உள்ள நோயாளிகள் இயன்றவரை ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே வகை மாதிரியைத் தருவது நன்று.
• எல்லைக்கோட்டை ஒட்டிய ஒற்றை முடிவு முடிவானதன்று. புதிய மாதிரியில் மீண்டும் பார்ப்பது வழக்கம்.
• எண்ணிக்கை குறைவாயினும், வார்ப்போ உருத்திரிந்த அணுவோ குறிப்பிடப்பட்டிருந்தால் அது தனியே கவனிக்கத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

• சிறுநீர்ப் பகுப்பாய்வு
• சிறுநீரகம்
• நுண்ணோக்கி
• மையவிலக்கு விசை
• செங்குருதியணு
• சிறுநீர்ப்பாதைத் தொற்று